மூவாயிரம் சட்டிக் கல்

திருமலை இருக்கும் திசையைப் பார்த்து நின்று, செருப்பைக் கழற்றி வைத்து, வாயிலிருந்த வெற்றிலையையும் துப்பிவிட்டுச் சொல்கிறேன்: இதில் வருகிற ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். ஒன்று பொய்யாக இருந்தாலும் என் இரண்டு கால்களும் விளங்காமல் போகட்டும். எழுபத்து நாலு வயதில் ஒருவன் தன் கால்மேல் சத்தியம் செய்கிறான் என்றால், அடகு வைக்க அவனிடம் வேறு ஒன்றும் மிச்சமில்லை என்று அர்த்தம்.

என் பெயர் வெங்கடசாமி. புத்தூருக்கும் வடமாலபேட்டைக்கும் நடுவே, சென்னை ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். கல் எவ்வளவு வேண்டும் என்று சொல்வது எனக்குத் தொழில். அஸ்திவாரமோ, கிணற்றுச் சுவரோ, கோழிப்பண்ணைத் தரையோ, நீளத்தில் ஒரு நடை, அகலத்தில் ஒரு நடை நடந்துவிட்டு, இத்தனை யூனிட் என்பேன். நூறு கன அடி ஒரு யூனிட். டேப்பு பிடிக்க மாட்டேன். என் தப்படி இரண்டரை அடி. அதில் கூடுதல் குறைச்சல் கிடையாது.

ஒரு தடவை புத்தூர் சந்தையில் வேர்க்கடலைக் குவியலைப் பார்த்து எத்தனை கொட்டை என்று சொன்னேன். வியாபாரி வீம்புக்கு மூன்று நாள் உட்கார்ந்து எண்ணினான். ஒன்று குறைந்தது. எண்ணும்போதே அவன் ஒன்றை வாயில் போட்டிருந்தான்.

அப்படிப்பட்ட எனக்குக் கணக்கு எப்படித் தப்பியது என்றால், அதற்குக் காரணம் கால். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு டிப்பரின் பின்கதவிலிருந்து விழுந்தேன். எலும்பு முறிந்த சத்தத்துக்கு, ரோட்டின் அந்தப் பக்கம் படுத்திருந்த நாய், யாரோ பிஸ்கட் பாக்கெட் பிரிக்கிறார்கள் என்று எழுந்து வந்தது. எங்கள் பக்கத்தில் எலும்பு உடைந்தால் புத்தூர்தான், வேறு யோசனை கிடையாது. முட்டை வெள்ளை, பச்சிலை, துணி, மூங்கில் தப்பை. மூன்று கட்டு போட வேண்டும், இரண்டாவது கட்டுக்கு இன்ன நாள் வா என்றார்கள். அந்த நாளில் நகரியில் ஒரு கல்யாணம். பிரியாணி. நான் நகரிக்குப் போனேன். கால் தன் இஷ்டத்துக்குக் கூடிக்கொண்டு ஒன்றரை அங்குலம் குட்டையாகிவிட்டது. வலது செருப்புக்கு அடியில் டயர்த் துண்டு ஒன்றை ஒட்டி அதை மறைத்தேன். அதனால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் இரண்டரை அடித் தப்படி இரண்டடியாகிவிட்டது. அது எனக்கே தெரியாது.

போன வருஷம் ரோட்டோரம் புதிதாக ஒரு கல்யாண மண்டபம் எழும்பியது. அதற்குப் பின்னால் தோட்டம். தோட்டத்தில் தண்ணீர் இல்லாத ஆறு ஒன்று வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. வளைந்து போகும் பள்ளம், அதில் வெள்ளைக் கூழாங்கல், மேலே ஒரு மரப்பாலம், பாலத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் நின்று போட்டோ. எங்கள் பக்கத்தில் தண்ணீர் இல்லாத ஆறு நிஜமாகவே நாலைந்து இருக்கிறது. அங்கே போய் யாரும் போட்டோ எடுத்துக்கொள்வதில்லை.

கல்லுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டியவர் இன்ஜினியர் கிரண்குமார். சித்தூர்க்காரர், முப்பது வயதிருக்கும், பாதித் தமிழ் பாதித் தெலுங்கு. கையில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தைச் சுற்றி நடந்தால் அதுவே அளவு சொல்லுமாம். முதல் நடைக்குப் பத்தொன்பது யூனிட் என்றது. சந்தேகத்துக்கு இன்னொரு நடை நடந்தார், இருபத்து மூன்று. மூன்றாவது நடைக்கு முப்பத்தொன்று. என்னைக் கூட்டி வரச் சொன்னார்.

"பெத்தாயனா, ஃபோன் மூணு கணக்கு செப்புது. நீங்களே ஒண்ணு சொல்லிடுங்க."

நடந்தேன். நீளம் நூற்றிருபது தப்படி, அதாவது முந்நூறு அடி. அகலம் எட்டுத் தப்படி, இருபது அடி. கல் அரையடி ஆழத்துக்குக் கிடக்க வேண்டும். ஆக மூவாயிரம் கன அடி. முப்பது யூனிட் என்றேன். கிரண்குமார் ஃபோனை ஒரு பார்வை, என் நரையை ஒரு பார்வை பார்த்தார். முப்பதுக்கே ஆர்டர் போனது.

கல் ஏற்றி வந்தவன் லாரிக்கார வேணு. சத்தியவேட்டுப் பக்கத்தான், எங்கள் ஊர் அவனுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. டிப்பருக்கு இரண்டு யூனிட், மொத்தம் பதினைந்து லோடு. லோடுக்கு ஒரு குவார்ட்டர் பாட்டில் எனக்குத் தருவான். அது தொழில் மரியாதை. கல் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது.

பத்தாவது லோடோடு ஆறு நிரம்பிவிட்டது. மிச்சம் ஐந்து லோடு. ஏற்றிய கல்லைத் திருப்பி எடுக்கிற வழக்கம் வேணுவுக்குக் கிடையாது. முதலாளி பார்த்தால் தன் வேலை போய்விடும் என்று, கண்ணில் படாமல் தோட்டத்தின் பின்மூலையில் கொட்டச் சொன்னார் கிரண்குமார். அங்கே எருக்கஞ்செடியும் நாலு மேடும்தான் இருந்தன. ஐந்து லோடையும் அந்த மேட்டின்மேல் கொட்டிவிட்டு வேணு போய்விட்டான்.

அந்த நாலும் எங்கள் ஜனங்களைப் புதைத்த இடம். எங்களுக்குக் கையகல நிலம் இல்லாத காலத்தில், கால்வாய் ஓரத்துப் புறம்போக்கில் பிணத்துக்காவது இடம் பிடித்து வைத்திருந்தார்கள். மண்டபத்துக்குச் சுவர் வைத்தபோது, மூலையைத் தொட மாட்டோம், போக வர சந்து விடுகிறோம் என்று வாயால் சொன்னார்கள். சந்தும் விட்டார்கள். வேணுவிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்கக் கூடியவன் நான் ஒருவன்தான். நான் முதல் ஆறு லோடின் மரியாதையோடு வீட்டில் படுத்திருந்தேன்.

மூன்று மேட்டின் சொந்தக்காரர்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் போய் வருஷக்கணக்காகிறது. நாலாவது மேடு கிருஷ்ணப்பாவுடையது. அவன் பெண்டாட்டி செங்கம்மா ஊரிலேயே இருந்தாள். அறுபத்தாறு வயது. என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். எங்கள் வழக்கத்தில் புருஷன் முதலில் போனால் அவன் இடது பக்கத்தில் பெண்டாட்டிக்கு ஓர் ஆள் அகலம் விட்டு வைப்பார்கள். அந்த இடத்தில் வேறு யாரையும் வைக்க மாட்டார்கள். மாட்டுக் கொட்டகைக் கல்தூண் ஒன்று உடைந்து கிடந்ததை கிருஷ்ணப்பாவின் தலைமாட்டில் நட்டு, அதற்கு இடப்பக்கம் தனக்கு என்று எட்டு வருஷமாக அவள் களை பறித்துச் சுத்தமாக வைத்திருந்தாள். உயிரோடு இருந்தவரை இரண்டு பேரும் ஒரு நாள் ஒழுங்காகப் பேசிக்கொண்டதில்லை. ஒரு விஷயம் அவரிடம் கேட்டு முடிக்க வேண்டியிருக்கிறது என்பாள். என்ன விஷயம் என்று சொல்ல மாட்டாள்.

கல் கொட்டிய அன்று அவள் ஊரில் இல்லை. திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கப் போயிருந்தாள். கூடப் போனவள் மகள் கல்பனா, திருச்சானூரில் ஒரு லாட்ஜில் அறை கூட்டுகிற வேலை. இந்த அம்மாவுக்குப் புரியாது என்று நினைத்து டாக்டர் மகளிடம் தெலுங்கில் சொன்னார், ஆறு மாசம் என்று. செங்கம்மாவுக்கு அந்த டாக்டரைவிட நன்றாகத் தெலுங்கு தெரியும். எழுந்து வெளியே வந்து, பஸ் ஏறி நேராக ஊருக்கு வந்துவிட்டாள். வந்தவள் எங்கே படுக்கப் போகிறோம் என்று பார்க்க மூலைக்குப் போனாள். அங்கே ஆள் உயரத்துக்குக் கல்.

ஸ்கேன் கவரோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ண்ணா, கணக்குப் போட்டவன் நீதானே. இத்தினி கல்லு இன்னாத்துக்கு ஜாஸ்தி ஆச்சு?"

அப்போதுதான் கால் விஷயத்தை அவளிடம் சொன்னேன். டிப்பர், நாய், முட்டை, பிரியாணி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். செருப்பில் இருந்த டயர்த் துண்டையும் காட்டினேன். அவள் என் காலையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் திட்டு விழும் என்று இருந்தேன்.

"மூணு வருசமா இத்த வச்சிக்கினா நடந்துக்கினு இருந்தே? சொல்லக் கூடாதா ண்ணா?"

சொல்லிவிட்டு அழுதாள். கல்லுக்காக அல்ல, என் காலுக்காக. மறுநாள் விளக்கெண்ணெய் ஒரு கிண்ணம் கொண்டு வந்து கொடுத்தாள்.

அன்றைக்கே கிரண்குமாரிடம் போனோம். ஜேசிபி வைத்து அரை நாளில் வாரிவிடலாம் என்றார் அவர். செங்கம்மா ஒப்புக்கொள்ளவில்லை. இரும்புப் பல் மேலே இருக்கிற கல்லை மட்டும் பார்த்து எடுக்காது, கீழே இருக்கிற மனுஷனையும் சேர்த்து வாரும் என்றாள். எட்டு வருஷத்தில் மண் இறங்கி, அவன் மேல் ஒரு முழம்கூட இருக்காது. அப்படியானால் கையால்தான் எடுக்க வேண்டும், ஆனால் ஆள் கூட்டக் கூடாது, முதலாளி வீட்டில் உட்கார்ந்து கேமராவில் பார்ப்பார் என்றார் கிரண்குமார். ஒரே ஓர் ஆள் என்றால் தோட்டக் கூலி என்று நினைத்துக்கொள்வார். தோட்டக்காரர்கள் போடுகிற ஆரஞ்சு கலர் மேல்சட்டை ஒன்றைக் கொடுத்து, பின்பக்கம் சந்து வழியாகக் கால்வாயில் கொட்டிக்கொள்ளச் சொன்னார். கெட்டவர் இல்லை. பயந்தவர்.

"எத்தினி சட்டி வரும் ண்ணா?" என்றாள்.

சித்தாள் சட்டி மூன்று சேர்ந்தால் ஒரு கன அடி. ஐந்து லோடு பத்து யூனிட், ஆயிரம் கன அடி. மூவாயிரம் சட்டி என்றேன். நாளைக்குப் பத்துச் சட்டி எடுத்தால் முந்நூறு நாள். அவள் விரலை மடக்கி டாக்டர் சொன்ன ஆறு மாசத்தை எண்ணிப் பார்த்தாள்.

"பத்து ஆவாது. இருவது."

நான் சட்டியைத் தூக்கப் போனேன். பிடுங்கிக்கொண்டாள். "காலை வச்சிக்கினு நீ தூக்காதே. குந்திக்கினு எண்ணு, போதும்." என்னைச் சந்தோரத்து வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டாள். நூற்று முப்பத்தொரு நாள் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எழுந்து வரும்போதும் போகும்போதும் மறக்காமல் நொண்டினேன்.

கூழாங்கல் சாதாரணக் கல் மாதிரி இல்லை. கருங்கல் என்றால் எடுத்த இடம் காலியாக இருக்கும். இது உருண்டை. கீழே ஒரு சட்டி எடுத்தால் மேலேயிருந்து ஒரு சட்டி உருண்டு வந்து அங்கேயே உட்காரும். முதல் இரண்டு மாசம் மேடு இம்மிகூடக் குறையவில்லை. ராத்திரியில் அது குட்டி போடுகிறது என்று எங்கள் ஊரில் சொன்னார்கள். நான் எண்ணியவரையில் குட்டி போடவில்லை. கால்வாயில் கொட்டிய கல்லை ஊர்க்காரர்கள் வெள்ளையாக இருக்கிறதே என்று அள்ளிக்கொண்டு போனார்கள். எல்லார் வீட்டுத் தென்னைக்கும் பாத்தி கட்டியாயிற்று. கூரைத் தார்ப்பாய் பறக்காமல் வைத்தாயிற்று. ஒரு வீட்டுக் கோழி ஒரு கல்லின்மேல் இருபத்தொரு நாள் அடைகாத்தது. பொரித்ததா என்று கேட்பீர்கள். சத்தியம் செய்திருப்பதால் சொல்கிறேன், பொரிக்கவில்லை. ஆனால் கல் சூடாக இருந்தது.

வேணு கடைசி ஐந்து லோடுக்கான பாட்டில்களைக் கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனான். அட்டைப் பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

தொண்ணூறாவது நாளுக்குள் அவளுக்கு உடம்பு பாதியாகிவிட்டது. சட்டியை இடுப்பில் வைத்தால் இடுப்பு இல்லை. ஒரு சட்டியைப் பாதி பாதியாக இரண்டு நடையில் எடுத்தாள். நான் இரண்டு பாதியை ஒன்று என்று எண்ணினேன். கல்பனா திருச்சானூரிலிருந்து லீவு போட்டு வந்து பார்த்துவிட்டு, அம்மாவிடம் சத்தம் போட்டாள். அப்புறம் என்னிடம் திரும்பினாள்.

"லாரியை எண்ணத் தெரியாத ஆளு, சட்டியை எண்ணிக்கினு குந்திக்கினு கீறியே மாமா. எழுந்து நாலு சட்டி தூக்கினா இன்னா?"

நான் பதில் சொல்வதற்கு முன் செங்கம்மா என் காலைப் பற்றி மகளுக்குச் சொன்னாள். நான் சொன்னதைவிட நன்றாகவே சொன்னாள். நாயைக்கூட விடவில்லை. கல்பனா என் செருப்பைப் பார்த்தாள்.

அம்மாவை லாட்ஜிலேயே ஒரு அறையில் வைத்துப் பார்த்துக்கொள்வதாகக் கெஞ்சினாள். அதற்கு அப்புறம் என்ன என்று அம்மா கேட்டாள். திருப்பதியில் கரண்ட்டில் எரிக்கிறார்கள், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், யாருக்கும் தொந்தரவில்லை என்றாள் மகள்.

"அந்த ஒரு மணிக்கு அப்புறம் நான் எங்க இருப்பேன்?" என்றாள் செங்கம்மா.

அன்று கல்பனாவும் ஆரஞ்சு சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு முப்பது சட்டி எடுத்தாள். மறுநாள் வேலைக்குப் போக வேண்டும், போய்விட்டாள்.

நூற்று முப்பத்தொன்றாம் நாள் செங்கம்மா ஒன்பது சட்டி எடுத்தாள். பத்தாவதை நிரப்பிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள். நான் வேகமாகப் போய்க் கொண்டு வந்தேன். குடித்துவிட்டு, மிச்சம் எவ்வளவு என்று கேட்டாள். எடுத்தது இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினாலு, மிச்சம் முந்நூற்று எண்பத்தாறு என்றேன்.

"இருவது நாளு," என்றாள். "சரியாப் பாத்தியா ண்ணா?"

சரியாகப் பார்த்தேன் என்றேன். அவளுக்கு அந்த இருபது நாள் கிடைக்கவில்லை. சாயந்தரம் வீட்டில் போய்ப் படுத்தவள் காலையில் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் மண்டபத்தில் முதல் கல்யாணம். பிணத்தைப் பின்சந்து வழியாகக் கொண்டு வரலாம், மேளம் மட்டும் வேண்டாம், முகூர்த்தம் நடக்கிறது என்று கிரண்குமார் கையெடுத்துக் கும்பிட்டார். ஊர் ஜனம் நாற்பது பேர் சந்தில் நின்றோம். அவரவர் வீட்டிலிருந்து சட்டி, குண்டான், சோற்றுத் தட்டு, கிடைத்ததை எடுத்து வந்திருந்தார்கள். கேமராவை ஒரு மணி நேரம் அணைத்து வைத்தார் கிரண்குமார். ஆரஞ்சு சட்டை போடாமல் நாற்பது பேரும் மிச்சக் கல்லை அள்ளினோம். நூற்று முப்பத்தொரு நாளில் ஒருத்திக்கு முடியாதது, நாற்பது பேருக்கு முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அந்தக் கணக்கை நான் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாரும் அவரவர் போட்டுக்கொண்டார்கள்.

கடைசிச் சட்டிக்கு அடியில் கல்தூண் இருந்தது. சாய்ந்திருந்தது, உடையவில்லை. அதற்கு இடப்பக்கம் ஓர் ஆள் அகலம். அதில் ஒரு களை இல்லை. கல் முளைக்க விடவில்லை. குழி வெட்டினோம். மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டியது, அதையே அவளுக்கும் வைத்துக்கொண்டோம். பாலத்தின்மேல் பெண்ணும் மாப்பிள்ளையும் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் பெண் எங்கள் பக்கம் பார்த்தாள், தோட்ட வேலை என்று நினைத்திருப்பாள்.

மண் தள்ளி முடித்ததும் ஒரு பேச்சு வந்தது. எங்கள் வழக்கத்தில் புதுக் குழியின்மேல் கல் அடுக்க வேண்டும், இல்லையென்றால் நாய் தோண்டிவிடும். அந்த மூலையில் வேறு கல் ஒன்றும் கிடையாது. கால்வாயில் கொட்டியதைத்தான் திருப்பிக் கொண்டு வர வேண்டும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"எத்தனை சட்டி வேணும் மாமா?" என்றாள் கல்பனா.

ஆறடி நீளம், இரண்டடி அகலம், ஒரு அடி உயரம், பன்னிரண்டு கன அடி. முப்பத்தாறு சட்டி என்றேன். அவள் மற்றவர்களை நிறுத்திவிட்டுச் சட்டியை என்னிடம் நீட்டினாள். புதைக்கிற இடத்தில் யாரும் செருப்புப் போடுவதில்லை. வெறுங்காலோடு கால்வாய்க்கும் குழிக்கும் முப்பத்தாறு நடை நடந்தேன். ஒரு சட்டி கூடவில்லை, ஒரு சட்டி குறையவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு சரியாக வந்த கணக்கு வேறில்லை. கல்பனா குழியோரத்தில் உட்கார்ந்து, நான் நடக்கிறதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிச் சட்டியைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தபோது கேட்டாள்.

"எந்தக் காலு மாமா?"

எது என்றேன்.

"குட்டைக் காலு."

நான் குனிந்து இரண்டு காலையும் பார்த்துவிட்டு, வலது என்றேன். அவள் எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு சந்து வழியாகப் போய்விட்டாள். அதற்கப்புறம் ஊருக்கு வரவில்லை.

புத்தூரில் எனக்கு யாரும் கட்டுப் போட்டதில்லை. கல் கணக்கில் நான் பாட்டிலையும் சேர்த்திருந்தேன். என் இரண்டு கால்களும் ஒரே நீளம்.